பள்ளி மாணவரைத் தொழில் நடத்த வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நிலை மாணவர்களைக் கொண்டு உண்மையான சிறுதொழில் நடத்தத் தொடங்கும் ஆசிரியர்கள், ஆண்டிறுதிக் கணக்கேட்டுடன் என்னிடம் வருவதுண்டு. கொடைக்கானலில் வணிகவியல் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த பிழைகளே அந்த ஏடுகளில் மீண்டும் தென்படுகின்றன. ரசீது வாங்காதது, கல்லாவை எண்ணாதது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் இங்கு விட்டுவிடுகிறேன்.

இலவசமாக வந்ததைச் செலவில் சேர்க்காமை

பெருமாள்மலைப் பக்கத்தில் ஒரு பள்ளி. மாணவர்கள் பிளம்ஸ் ஜாம் காய்ச்சி, கால் கிலோ பாட்டில் 120 ரூபாய் வீதம் 60 பாட்டில்கள் விற்று 7,200 ரூபாய் ஈட்டினார்கள். சர்க்கரைக்கு 405, லேபிளுக்கு 180 போக 6,615 ரூபாய் லாபம் என்று ஏட்டில் எழுதி, ஆண்டு விழாவில் பாராட்டும் பெற்றார்கள்.

பழம் ஒரு மாணவரின் தோட்டத்தில் பறித்தது; பாட்டில்களை ஆசிரியர் தம் பணத்தில் வாங்கினார்; அடுப்பு விடுதிச் சமையலறையில் எரிந்தது; ஜீப் ஒரு தந்தையுடையது. இவற்றுக்குச் சந்தை விலை போட்டுப் பார்ப்போம். பழம் 12 கிலோ 960 ரூபாய், பாட்டில் 1,080, எரிவாயு 300, ஜீப் வாடகை 700. ஆறு பேர் பத்து மணி நேரம் உழைத்ததற்கு மணிக்கு 50 ரூபாய் என்று வைத்தாலும் கூலி 3,000. சர்க்கரை, லேபிளையும் கூட்டினால் மொத்தச் செலவு 6,625 ரூபாய், மிஞ்சுவது 575. ஏரிக்கரைக் கடையொன்றில் வைத்து விற்று, கடைக்காரர் நூற்றுக்கு இருபது எடுத்துக்கொண்டால் 865 ரூபாய் நட்டம்.

“பயிற்சிதானே சார், இதில் கூலியெல்லாம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அந்த அணியிலிருந்த மாணவி ஒருவர், பள்ளிப் படிப்பை முடித்ததும், தம் தாயாரின் மகளிர் சுயஉதவிக் குழு வழியாகக் கடன் பெற்று, அதே ஜாமை அதே 120 ரூபாய்க்கு விற்கத் தொடங்கினார். பழத்துக்கும் பாட்டிலுக்கும் கையிலிருந்து பணம் கொடுக்க நேர்ந்தபோது, அந்த விலை கட்டுப்படியாகவில்லை. தொழில் நின்றது, கடன் தவணை நிற்கவில்லை. விலை நிர்ணயிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான் என்பதை எந்த ஆசிரியரும் மறக்கலாகாது.

ஆகவே, நன்கொடையாக வந்த பொருளையும் சந்தை விலையில் செலவாக எழுதி, அதே தொகையை ‘நன்கொடை வரவு’ என்று தனிப் பத்தியில் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்தி இல்லாமல் அடக்க விலை தெரியாது. அடக்க விலை தெரியாமல் மாணவர் விலை வைக்கக் கூடாது.

பருவத்தைக் கணக்கில் கொள்ளாமை

ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் மலையேறுகிறார்கள்; பள்ளிக்கோ அப்போது விடுமுறை. ஜூன் மாதத்தில் திட்டமிட்டு, மார்ச் பொதுத்தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய தொழிலைப் பயணிகளை மட்டும் நம்பி நடத்த இயலாது. 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் உள்ளது. ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய உள்ளூர்க் குடும்பங்களுக்கும் விடுதிகளுக்கும் என்ன தேவை என்பதை மாணவர்கள் முதலில் நேரில் கேட்டறிய வேண்டும்.

பதிவின்றி உணவு விற்றல்

வேண்டாம். லாப நோக்கம் இல்லாவிட்டாலும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உணவுத் தொழிலாகவே கொள்கிறது.

மாணவர் பெயரில் ஒப்பந்தம்

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். கையெழுத்துப் பொறுப்பைப் பள்ளி ஏற்கட்டும். பேரம் பேசும் பொறுப்பை மாணவருக்கே விடுங்கள்.

நட்டத்தை ஆசிரியர் ஈடுகட்டுதல்

கூடவே கூடாது. விற்காத பாட்டில்களும் ஏட்டில் ஏற வேண்டும்.