கல்யாணத்துக்கு மட்டும் போட்ட கில்ட்டைத் தினமும் கட்டுவது எப்படி

நான் தூத்துக்குடிக்காரன். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அதில் ஆறு வருஷமாக வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது கில்ட், அதாவது இந்த ஊர் ஆண்கள் இடுப்பில் சுற்றி முழங்கால் வரைக்கும் கட்டும் கொசுவம் வைத்த துணி, கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்கும் கடைக்கும் போகிறேன். இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் பையன்கள் யாராவது அடிக்கடி கேட்பார்கள், "அண்ணே, கூட வேலை பாக்கிறவன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போடறது?" என்று. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கல்யாணத்துக்குப் போட்டதை மறந்துவிடுங்கள். அந்த வெள்ளிப் பொத்தான் கோட்டு, ரோமம் வைத்த பை, காலுறையில் செருகும் குட்டிக் கத்தி, கணுக்காலைச் சுற்றிக் கயிறு கட்டும் ஷூ எல்லாம் மாப்பிள்ளை வேஷம். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் ஊரில் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் இங்கேயும் பார்ப்பார்கள். தினசரிக்குக் கில்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேலே நீங்கள் வழக்கமாகப் போடும் டீ ஷர்ட்டோ ஸ்வெட்டரோ போடுங்கள், கீழே கனமான பூட்ஸ், அதற்கு மேல் சுருக்கித் தள்ளிவிட்ட தடித்த சாக்ஸ். ரக்பி பார்க்கப் போகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். வேறொன்றும் வேண்டாம்.

இனி வாங்கும் விஷயம். நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வந்த புதிதில் ராயல் மைல் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் ஒரு கடையில் 35 பவுண்டுக்கு ஒரு அக்ரிலிக் கில்ட் வாங்கினேன். கட்டிக்கொண்டு நார்த் பிரிட்ஜ் மேல் ஏறினேன். கீழே வேவர்லி ரயில் நிலையம், பள்ளத்திலிருந்து மேலே அடிக்கிற காற்று, அந்தத் துணியோ காகிதம் மாதிரி. பாலத்தின் பாதி தூரம் இரண்டு கையாலும் முன்னும் பின்னும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன், கையில் இருந்த பால் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தப்பு காற்றுடையது அல்ல, எடையே இல்லாத துணியுடையது.

முறையான கில்ட் கம்பளித் துணி. ஒரு கஜம் எத்தனை அவுன்ஸ் என்று எடை சொல்லி விற்பார்கள். 10, 11 அவுன்ஸ் லேசு, 13 நடுத்தரம், 16 கனம். தினசரிக்கு 13 போதும், காற்று அடிக்கும் ஊர் என்றால் 16. முழுக் கில்ட் 8 கஜம், நம் மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைவு. 16 அவுன்ஸ் துணியில் தைத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ இடுப்பில் உட்காரும். பயப்படாதீர்கள், எடை எல்லாம் பின்பக்கக் கொசுவத்தில் இருப்பதால் நடக்கும்போது அது தானாகவே ஆடித் தன் இடத்துக்குத் திரும்பி வரும். 5 கஜத்தில் தைத்த கில்ட்டும் கிடைக்கும். விலையும் குறைவு, கோடைக்கும் சுகம். கையால் தைத்த 8 கஜம் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் 500 பவுண்டுக்கு மேல் போய்விடும். அவசரப்படாமல் பழைய துணி விற்கும் தர்மக் கடைகளில் தேடுங்கள், வாடகைக்கு விட்டுத் தள்ளிய கில்ட்டுகளையும் அவ்வப்போது மலிவாக விற்பார்கள். மெஷினில் துவைக்க வேண்டும் என்றால் பாலியெஸ்டர் விஸ்கோஸ் கலந்தது. சுத்தக் கம்பளிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் மழையில் தினமும் நனைகிறவனுக்கு அது நல்ல யோசனைதான்.

அளவு எடுக்கும்போது ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிடாதீர்கள். ஜீன்ஸ் இடுப்பெலும்பில் நிற்கும். கில்ட் தொப்புளுக்கு நேராக, நம் தாத்தாக்கள் வேட்டி கட்டிய உயரத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் டேப் வைத்துப் பார்த்தால் 34 போடுகிறவருக்கு 37 கூட வரும், தொப்பைக்குத் தகுந்த மாதிரி. அங்கிருந்து முழங்கால் சில்லின் நடு வரைக்கும் நீளம். அதற்குக் கீழே போனால் பாவாடை மாதிரி தொங்கும், மேலே போனால் காற்றில் கஷ்டம். இடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்காதீர்கள். பக்கிளை நகர்த்தித் தைத்தால் ஓரிரண்டு அங்குலம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கட்டம் எடுப்பது, நமக்கு அந்த உரிமை உண்டா? எல்லோரும் தயங்குகிற இடம் இது. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்ட்டன் கட்டம் உண்டு என்பது உண்மை, ஆனால் அந்தக் கணக்கு நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதில்லை. ஹைலேண்ட் என்கிற ஸ்காட்லாந்து மலைநாட்டவர் அரசருக்கு எதிராக எழுந்த 1745 கலகத்துக்குப் பிறகு, 1746இல் போட்ட சட்டத்தில் ஹைலேண்ட் உடையையே தடை செய்தார்கள். முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடியும் பிடிபட்டால் ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்துக்கு மட்டும் விதிவிலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய விழாவுக்கு, அதுவரை கில்ட்டைத் தொட்டே பார்க்காத ஊர்க்காரர்கள்கூட அவசர அவசரமாகத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். குலத்துக்கு ஒரு கட்டம் என்கிற வழக்கம் பெரும்பாலும் அந்தக் காலத்தில் கெட்டிப்பட்டதுதான். இன்றைக்கு யார் எதைக் கட்டலாம் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. பால்மோரல் கட்டம் மட்டும் அரச குடும்பத்துக்கு என்று வழக்கம், அதைத் தொடாதீர்கள். கரும்பச்சையும் நீலமுமாக இருக்கும் பிளாக் வாட்ச் எடுத்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், எந்தச் சட்டைக்கும் சேரும். கட்டமே வேண்டாம் என்றால் சாம்பல் நிறத்தில் வெறும் ட்வீட், முரட்டுக் கம்பளித் துணி. அப்புறம், கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றுவது நமக்கு என்ன புதிதா? பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைலியை மலேசியாவில் இன்றும் அந்த ஊர்ப் பெயரால்தான் பெலிக்காட் என்கிறார்கள்.

சரி, கட்டுவது. முன்பக்கம் கொசுவம் இல்லாமல் தட்டையாக இரண்டு பகுதி இருக்கும், ஏப்ரன் என்பார்கள். புடவைக்குக் கொசுவம் முன்னால், இதற்குப் பின்னால். இதை மாற்றிப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கில்ட்டை முதுகுப் பக்கம் விரித்துப் பிடியுங்கள். வலப்பக்கத்து ஏப்ரனை முதலில் வயிற்றின் குறுக்கே இடப்பக்கம் கொண்டுபோங்கள், அதன் வாரை இடது இடுப்பில் இருக்கும் துளை வழியாக வெளியே இழுத்துப் பக்கிளில் மாட்டுங்கள். அப்புறம் இடப்பக்கத்து ஏப்ரன் அதன் மேலே வந்து வலது இடுப்பில் மாட்டும். குஞ்சம் விட்ட ஓரம் உங்கள் வலக்கைப் பக்கம் வந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கக் கீழ் மூலையில் குத்தும் ஊக்கை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் தடவை பஸ் படி ஏறும்போதே துணி கிழியும். கட்டி முடித்ததும் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொசுவத்தை மேலிருந்து கீழாக ஒரு தடவை நீவிவிடுங்கள்.

பாக்கெட்டே இல்லாத உடை என்பதால்தான் முன்னால் ஸ்போரன் தொங்குகிறது, பாட்டியின் சுருக்குப் பைக்கு அண்ணன். தினசரிக்குச் சாதாரணத் தோல் பை போதும். பெல்ட்டுக்கு ஒரு கை அகலம் கீழே. வேகமாக நடக்கும்போது அது தொடையில் தாளம் போடும், அப்போது சங்கிலியோடு இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். பையே வேண்டாம் என்றால் பாக்கெட் வைத்த பருத்திக் கில்ட்டுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் சியாட்டிலில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் மாதிரி ஆட்கள் செய்வது அதைத்தான்.

கைலி கட்டிப் பழகியவனுக்கு இதில் பாதி வேலை முடிந்தது, ஆனால் மீதிப் பாதியில் அந்தப் பழக்கமே எதிரி. முதல் வாரம் முழுக்க என் கை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக இடுப்புக்குப் போனது, அவிழ்த்து இறுக்கிக் கட்ட. அவிழவே அவிழாத பக்கிளைத் தடவிக்கொண்டு கூட்டத்தில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிட மோசம் மாடிப்படி. படியைக் கண்டதும் குனிந்து ஓரத்தைப் பிடித்து மடித்துக் கட்டப் போய்விட்டேன், பின்னால் வந்த ஒரு பாட்டியம்மா திகைத்து நின்றுவிட்டார். கில்ட்டை மடித்துக் கட்டக் கூடாது, தூக்கிச் செருகவும் கூடாது. சேறும் தண்ணீருமாக இருந்தாலும் அப்படியே நடக்க வேண்டியதுதான்.

உட்காரும்போது இரண்டு உள்ளங்கையாலும் பின்பக்கத்தைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே உட்காருங்கள், பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. தடவாமல் உட்கார்ந்தால் கொசுவம் கசங்கும், ஜனவரியில் பஸ் நிறுத்தத்து இரும்பு பெஞ்ச் என்றால் கசங்குவதைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்ததும் முன் துணியை முழங்காலுக்கு நடுவே இறங்க விடுங்கள், ஸ்போரன் அதன் மேல் உட்கார்ந்து காவல் காக்கும். மாடி பஸ்ஸில் மேலே ஏறும்போது ஒரு கை பின்னால் இருக்கட்டும். குனிந்து எதையும் எடுக்காதீர்கள், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள்.

உள்ளே என்ன போடுவது? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள், நான் வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன். ஒன்றும் போடாமல் போவதுதான் அசல் ஸ்காட்லாந்து வீரம் என்று சொல்கிறவர்கள் யாரும் தினமும் ஆபீசுக்குக் கில்ட் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அல்ல. கம்பளி அரிக்கும், கில்ட்டை அடிக்கடி துவைக்கவும் முடியாது. முழங்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கிற கருப்புப் பருத்திக் கால்சட்டை, நம் பட்டாபட்டியின் தம்பி, அதைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு யாராவது இதைக் கேட்டால் "பூட்ஸ்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். யாராவது தூக்கிப் பார்க்க வந்தாலோ அடியில் போனை நீட்டினாலோ சிரித்து மழுப்ப வேண்டாம். அடியில் படம் எடுப்பது ஸ்காட்லாந்தில் குற்றம், இங்கிலாந்திலும் 2019 முதல் தனிக் குற்றம். கில்ட் கட்டிய ஆணுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.

முதல் நாள் வெளியே போக நாள் பாருங்கள். பஞ்சாங்கத்தில் அல்ல, ரக்பி அட்டவணையில். மர்ரேஃபீல்டில் ஸ்காட்லாந்து ஆடும் நாளில் ஊரில் பாதிப் பேர் கில்ட்டோடு திரிவார்கள், உங்களைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. ஜனவரி 25 கவிஞர் பர்ன்ஸைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு, நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள், இவையும் நல்ல நாட்கள். அதற்கு அடுத்த வாரம் பக்கத்துக் கடை, அப்புறம் ஆபீஸ். ஆபீசில் முன்கூட்டி அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், கேட்டால்தான் அது ஒரு பிரச்சினை ஆகும். இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த பூட்ஸ், வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே நாற்காலியில். இரண்டாம் வாரத்தோடு பேச்சு நின்றுவிடும். உடை விதி எழுத்தில் இருந்தால் மட்டும் படித்துப் பாருங்கள், சில இடங்களில் அந்த விதியே கை கொடுக்கும்: 2017 ஜூன் வெயிலில் பிரான்ஸின் நாந்த் நகர பஸ் ஓட்டுநர்கள் அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை என்றதும் பெண்களுக்கு அனுமதித்த ஸ்கர்ட்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். வெள்ளைக்காரன் ஊர், அவன் உடை, நமக்கென்ன என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று: சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியையே உள்ளே விடாமல், 2014இல் அதற்கென்று தமிழ்நாட்டில் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தக் கிளப் வாசலோடு ஒப்பிட்டால் எடின்பரோ ஆபீஸ் எவ்வளவோ மேல்.

கூச்சம் எல்லாம் வெளியாரிடம் இல்லை, வீட்டாரிடம்தான். வீடியோ காலில் முதல் தடவை பார்த்துவிட்டு அப்பா, "ஏலே, என்னல இது, பாவாடையா?" என்றார். திண்ணையில் உட்கார்ந்து கட்டம் போட்ட சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "கொசுவம் நல்லா வச்சிருக்கான்" என்றாள்.

பராமரிப்பு கொஞ்சம்தான். போட்டுக் கழற்றியதும் ஒரு ராத்திரி காற்றாடத் தொங்கவிடுங்கள், இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டும் ஹேங்கரில். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை டிரை கிளீனிங், கொடுக்குமுன் கொசுவத்தின் கீழ் ஓரத்தில் பெரிய பெரிய தையலாக நூல் ஓட்டிவிட்டுக் கொடுத்தால் மடிப்பு கலையாது. கோடையில் பீரோவில் வைக்கிறவர்கள் அந்துருண்டை போட மறக்காதீர்கள், அந்துப்பூச்சிக்குக் கம்பளி என்றால் விருந்து. ஹைலேண்ட்ஸ் பக்கம் கோடையில் போனால் கில்ட்டைவிட முழங்காலுக்குத்தான் பாதுகாப்பு வேண்டும். மிட்ஜ் என்று கொசுவைவிடப் பொடிப்பூச்சி ஒன்று கூட்டமாக வந்து கடிக்கும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போக ஆசைப்பட்டால், கொசுவம் கலையாமல் நீளவாக்கில் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, பழைய நைலான் காலுறை ஒன்றின் காலை வெட்டி அதற்குள் நுழைத்துவிடுங்கள், பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடும். கட்டிக்கொண்டே விமானம் ஏறினால் பக்கிள், ஊக்கு, ஸ்போரன் சங்கிலி எல்லாம் சேர்ந்து கத்தும், அதனால் வரிசையில் நிற்கும்போதே ஸ்போரனையும் ஊக்கையும் கழற்றித் தட்டில் போட்டுவிடுங்கள். காலுறைக் கத்தி தேசிய உடையின் பகுதி என்று தெருவில் சட்டம் விட்டுவைத்திருக்கிறது, விமானத்தில் விடமாட்டார்கள். அது ஏற்ற வேண்டிய பெட்டிக்குள் போகட்டும்.