உளுந்து வயலில் அரிய நுண்ணுயிரைக் கோட்டை விடும் தவறுகள்

பர்மாவின் பெகு பக்கம் கார்த்திகையில் நெல் அறுத்த கையோடு, பர்மியர் மட்பே என்கிற உளுந்தைத் தெளிப்பார்கள். அந்த வயலின் ஒரு கிராம் மண்ணில் 100 கோடி பாக்டீரியா வரை இருக்கும். உளுந்துக்குத் தழைச்சத்து பிடித்துத் தரும் பிராடிரைசோபியம் அதில் ஓராயிரம் இருந்தாலே நல்ல வயல், அதாவது பத்து லட்சத்தில் ஒன்று. இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும் என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. ஒரு செல் வேர்த்தூவிக்குள் நுழைந்தால் போதும், வேரில் உருவாகும் முடிச்சுக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். சுவிட்சர்லாந்தின் கடாக்னோ ஏரியிலும் இதே கதை: 2008-இல் வெளியான அளவீட்டில் குரோமேட்டியம் ஒகேனியை என்ற பாக்டீரியா செல் எண்ணிக்கையில் 0.3 சதவீதம்தான், ஆனால் அந்த நீரடுக்கில் உறிஞ்சப்பட்ட அமோனியத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அதன் பங்கு.

ஆய்வகத்தில் மண்ணின் டிஎன்ஏவைப் படித்து நுண்ணுயிர்களைக் கணக்கெடுக்கும்போது, 0.1 சதவீதத்துக்குக் கீழே உள்ளதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டி எறியாதீர்கள். ஒரே தடவை தலைகாட்டும் டிஎன்ஏ வரிசையை அப்படியே நம்பவும் வேண்டாம். மண் போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் அந்த வரிசை வந்தால் அது வெளிக்கலப்பு.

வயலில் அதிகம் நடப்பது, செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு முடிச்சே இல்லை என்பது. முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கியிருக்கும். 30 முதல் 35 நாளில் மண்கட்டியோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள். பிறகு முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் பிஞ்சு, அல்லது உதவாதது. பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது.

முடிச்சு குறைவு என்று யூரியாவை அள்ளித் தூவுவது இன்னும் கெடுதல். மண்ணில் நைட்ரேட் மிஞ்சினால் செடியே முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கிய நெல் வயலில், காற்று வேண்டிய இந்த பாக்டீரியா முன்பே மெலிந்துதான் இருக்கும். அங்கே வேண்டியது விதை நேர்த்தி: 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் (இந்த பாக்டீரியா அடங்கிய பொட்டலம்), நன்றாக ஆறிய கஞ்சி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தல், அன்றைக்கே விதைப்பு. கஞ்சி சுட்டாலோ விதையை வெயிலில் காயவைத்தாலோ பாக்டீரியா செத்துவிடும். பூஞ்சாணக் கொல்லியைச் சேர்த்துக் கலக்காதீர்கள். அதை 24 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். கொண்டைக்கடலைக்கு விற்கும் பொட்டலம் உளுந்துக்கு ஆகாது, இரண்டுக்கும் இனம் வேறு.

நேர்த்தி செய்யாத ஒரு பாத்தியையும் பக்கத்தில் விடுங்கள். அதிலும் சிவந்த முடிச்சு நிறைய இருந்தால், அடுத்த வருஷம் பொட்டலம் வாங்க வேண்டாம்.