பச்சை டிக்கை நம்பாதீர்கள்: டெஸ்ட் ரிப்போர்ட்டை பைப்லைனில் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், “பைடெஸ்ட் ரிப்போர்ட்டை கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இணைத்துவிட்டேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா” என்று யாமல் கோப்பை (பைப்லைன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் கோப்பு) அனுப்பியிருந்தார். பைடெஸ்ட் என்பது பைதான் டெஸ்ட்களை ஓட்டும் கருவி, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்பது கோடை புஷ் செய்ததும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் பைப்லைன். நேர்த்தியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் டெஸ்ட்டை ஓட்டும் வரியின் கடைசியில் ‘|| ட்ரூ’ (முன்னால் உள்ள கட்டளை தோற்றாலும் வெற்றி என்றே வைத்துக்கொள்) என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி. போன மாதம் பக்கத்துக் குழுவில் ஒரு பெண்ணும் இதையேதான் செய்திருந்தார். யாரும் சொல்லித் தராமலே மூன்று பேரும் ஒரே பள்ளத்தில் போய் விழுந்திருக்கிறோம் என்றால், பாதையே அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது என்று அர்த்தம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

யாமலில் இடைவெளி தவறுவது, பிளகின் போட மறப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை உடனே சத்தம் போடும், அரை மணி நேரத்தில் நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். சத்தமே இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ரிப்போர்ட் வர வேண்டும் என்பதற்காக எக்ஸிட் கோடை விழுங்குவது

டெஸ்ட் ரன்னர் வேலையை முடிக்கும்போது ஷெல்லிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். பைடெஸ்ட் என்றால் எல்லாம் பாஸ் ஆனால் 0, ஏதாவது ஃபெயில் ஆனால் 1, நடுவில் நிறுத்தப்பட்டால் 2, உள்ளுக்குள் கோளாறு என்றால் 3, கட்டளையைத் தப்பாகக் கொடுத்தால் 4, டெஸ்ட்டே கிடைக்கவில்லை என்றால் 5. பில்டு பச்சையா சிவப்பா என்பதை பைப்லைன் முடிவுசெய்வது இந்த எண்ணை வைத்துத்தான். நீங்கள் பார்த்துப் பார்த்து உருவாக்கும் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் (டெஸ்ட் முடிவுகளைப் பதியும் பொதுவான வடிவம்), பெரும்பாலான இடங்களில் வெறும் ஒரு கோப்பு. உள்ளே நூறு ஃபெயிலியர் இருந்தாலும் தானாக யாரையும் தடுக்காது.

புதிதாக வருபவர் எப்படி மாட்டுகிறார் என்றால், முதலில் டெஸ்ட் ஃபெயில் ஆகும், ஜாப் அங்கேயே நிற்கும், அடுத்து இருக்கும் ரிப்போர்ட் அப்லோட் ஸ்டெப் ஓடாது, ஆக எப்போது ரிப்போர்ட் மிக அவசியமோ சரியாக அப்போதுதான் அது கையில் இருக்காது. எரிச்சலில் தேடுவார். எங்கேயோ ஒருவர், கடைசியில் ‘|| ட்ரூ’ போடுங்கள், ஜாப் நிற்காது என்று சொல்லியிருப்பார். போட்டுப் பார்ப்பார். ரிப்போர்ட் அழகாக வந்து நிற்கும். வேலை முடிந்தது என்று மூடிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து எந்த டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் பில்டு பச்சைதான்.

நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் ஆர்டர், பில்லிங் பகுதிக்கு 412 டெஸ்ட்கள் இருந்தன. கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எச்டிஎம்எல் ரிப்போர்ட் ஃபெயில் ஆகும்போது வரமாட்டேன் என்கிறதே என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் அந்த வரியைச் சேர்த்தேன். கூப்பன் போட்டு வாங்கிய ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் கேன்சல் செய்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று கணக்குப் போடும் பகுதியில், சில வாரம் கழித்து ஒருவர் மாற்றம் செய்தார். மூன்று டெஸ்ட்கள் ஃபெயில். லாக் பதிவின் கடைசி வரியில் ‘3 ஃபெயில்டு, 409 பாஸ்டு’ என்று தெளிவாக இருக்கிறது, அதே பக்கத்தின் தலையில் பச்சை டிக். பச்சையாக இருக்கும் பில்டை யார் திறந்து பார்ப்பார்கள்? பதினோரு நாள் அப்படியே போனது, நடுவில் ஒரு ரிலீஸும் போனது. கூப்பன் தள்ளுபடியைக் கழிக்காமல் முழு விலையும் ரீஃபண்ட் ஆகியிருக்கிறது என்று கணக்குப் பிரிவு கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சப்போர்ட்டில் இருந்தவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் போட்டு, அதிகமாக வந்த பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது என்னவென்றால், அந்த டெஸ்ட்டை எழுதியவர் சரியாகவே எழுதியிருந்தார். பதினோரு நாளும் அது தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது நான் போட்ட வரி. அதற்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டியது ஆர்ட்டிஃபாக்ட்ஸ் (ஜாப் முடிந்ததும் எடுத்துவைக்கும் கோப்புகள்) பகுதியில் ‘வென்: ஆல்வேஸ்’ என்ற ஒரே ஒரு வரி, அதாவது ஜாப் விழுந்தாலும் எடுத்துவை.

சரி, முறையாக எப்படிச் செய்வது? கிட்லேபில் ‘ரிப்போர்ட்ஸ்: ஜேயூனிட்’ என்று கொடுத்த கோப்பு, ஜாப் ஃபெயில் ஆனாலும் அப்லோட் ஆகும், சாதாரண ஆர்ட்டிஃபாக்ட்டுக்குத்தான் ‘வென்: ஆல்வேஸ்’ தனியாக வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் டெஸ்ட் ஸ்டெப்பைத் தொடாதீர்கள், அப்லோட் ஸ்டெப்புக்கு மட்டும் ‘இஃப்’ போட்டு ‘!கேன்சல்டு()’ (ரத்து செய்யப்படாத வரை ஓடு) என்று கொடுங்கள். இன்னொரு பைப்லைன் கருவியான ஜென்கின்ஸில் ‘போஸ்ட்’ பகுதிக்குள் ‘ஆல்வேஸ்’ பிளாக்கில் ஜேயூனிட் ஸ்டெப்பை வையுங்கள். டெஸ்ட் விழுந்தபடி விழட்டும், ரிப்போர்ட் அதன் பிறகு தன் பாட்டுக்கு ஏறிக்கொள்ளும்.

‘|| ட்ரூ’ கண்ணுக்காவது தெரியும். இதே தவறு வேறு வேஷத்திலும் வரும், அவைதான் இன்னும் மோசம்.

லாகையும் சேமிக்கலாம் என்று பைடெஸ்ட் கட்டளையை பைப் போட்டு ‘டீ’ கட்டளைக்கு (வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதுவது) அனுப்புவீர்கள். பைப்பின் எக்ஸிட் கோட் என்பது கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட், ‘டீ’ எப்போதும் வெற்றிதான். கிட்லேப் ரன்னர் பேஷில் ஓடும்போது பைப்ஃபெயிலை (பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்னும் அமைப்பு) தானே போட்டுக்கொள்ளும். கிட்ஹப்பில் ‘ஷெல்: பேஷ்’ என்று நீங்கள் வெளிப்படையாக எழுதினால்தான் பைப்ஃபெயில் வரும், எழுதாமல் விட்டாலும் லினக்ஸ் ரன்னரில் பேஷ்தான் ஓடும், ஆனால் பைப்ஃபெயில் இருக்காது. ஜென்கின்ஸின் ஷெல் ஸ்டெப்பிலும் இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தால் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் ஜாவா பில்டு கருவியான மேவன். டெஸ்ட் ஃபெயிலியரை இக்னோர் செய்யும் ஃபிளாக் ஒன்று இருக்கிறதல்லவா, அது ஜென்கின்ஸில் நியாயமான பழக்கம்தான்: மேவன் நிற்காமல் ஓடி முடிக்கும், பிறகு ஜேயூனிட் ஸ்டெப் எக்ஸ்எம்எல்லைப் படித்து பில்டை ‘அன்ஸ்டேபிள்’ என்று மஞ்சளாக்கும். அதே கட்டளையை அப்படியே கிட்லேபுக்குக் கொண்டுபோனால் கதை கந்தல். மெர்ஜ் ரிக்வெஸ்ட் பக்கத்தில் ஃபெயில் ஆன டெஸ்ட்களைக் காட்டும், ஆனால் ஜாப் பச்சையாகவே இருக்கும், மெர்ஜும் ஆகும். ஜென்கின்ஸிலிருந்து வேறெங்காவது மாறுபவர்கள் முதலில் தேட வேண்டியது இந்த ஃபிளாக்கைத்தான். மேவனிலேயே இன்னொன்று: ஃபெயில்சேஃப் பிளகின் இன்டக்ரேஷன் டெஸ்ட் கட்டத்தில் ஃபெயிலியரைக் குறித்து வைத்துக்கொள்ளும், பில்டை வீழ்த்துவது ‘வெரிஃபை’ கட்டத்தில்தான். ‘வெரிஃபை’ வரை போகாமல் முன்னாலேயே நிறுத்தினால் எல்லாம் சுபம் என்றுதான் காட்டும்.

மெர்ஜ் பட்டனையும் பாருங்கள். கிட்ஹப்பில் சிலர் டெஸ்ட்டை ஒரு ஜாப்பாகவும் ரிப்போர்ட்டை அதன் பின்னால் ஓடும் இன்னொரு ஜாப்பாகவும் பிரித்துவிட்டு, ரிப்போர்ட் ஜாப்பை மட்டும் கட்டாயச் சோதனையாக வைப்பார்கள். டெஸ்ட் ஜாப் விழுந்தால் ரிப்போர்ட் ஜாப் ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன ஜாப்பை கிட்ஹப் வெற்றி என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கட்டாயமாக்க வேண்டியது டெஸ்ட் ஜாப்பை.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான்: தனி பிராஞ்ச் எடுத்து, 1-ம் 2-ம் சமம் என்று சொல்லும் ஒரு டெஸ்ட்டை எழுதி புஷ் பண்ணு. ஜாப் சிவப்பாகிறதா, ரிப்போர்ட்டில் அந்த டெஸ்ட்டின் பெயர் இருக்கிறதா, மெர்ஜ் பட்டன் பூட்டிக்கொள்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்று வந்தால்தான் இணைப்பு முடிந்தது. பைப்லைன் கோப்பில் எப்போது கை வைத்தாலும் இதை மறுபடி செய்யுங்கள், பத்து நிமிட வேலை.

ஒரு டெஸ்ட்கூட ஓடாத பில்டு

ஃபோல்டர் பெயரை மாற்றுகிறீர்கள், பேட்டர்ன் பொருந்தாமல் போகிறது, ஓடிய டெஸ்ட் பூஜ்யம். பைடெஸ்ட் 5 என்று சொல்லி நிறுத்தும், ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்ட்டும் நிறுத்தும். மேவனில் டெஸ்ட்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகின் அதன் இயல்பான அமைப்பில் ஒன்றும் சொல்லாது. கிட்ஹப்பின் ஆர்ட்டிஃபாக்ட் அப்லோடும் கோப்பு கிடைக்கவில்லை என்றால் வெறும் எச்சரிக்கையோடு கடந்துவிடும். அதை ‘எரர்’ என்று மாற்றி வையுங்கள். ஜென்கின்ஸ் நல்லபடியாகவே கத்தும், ஆனால் காலி ரிப்போர்ட்டை அனுமதிக்கும் ஆப்ஷனைத் தேடிப்பிடித்து ஆன் செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள்.

நேற்றைய எக்ஸ்எம்எல்

ரன்னரில் வொர்க்ஸ்பேஸ் துடைக்கப்படாமல் இருந்தால், இன்று டெஸ்ட் தொடங்கும் முன்பே விழுந்தாலும் நேற்று உருவான எக்ஸ்எம்எல் அங்கேயே இருக்கும், அது ரிப்போர்ட்டாக ஏறிவிடும். ஜென்கின்ஸ் கோப்பின் நேரத்தைப் பார்த்து, ரிப்போர்ட் இருக்கிறது ஆனால் எதுவும் புதிதில்லை என்று பிழை காட்டும். இதற்கு ‘டச்’ கட்டளையை ஓட்டி நேரத்தை மாற்றிவிடு என்று ஒரு தீர்வு சுற்றிக்கொண்டிருக்கிறது. மேவன் போன்ற இன்னொரு பில்டு கருவியான கிரேடிலின் கேஷிலிருந்து வரும் ரிப்போர்ட் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அதைத் தொடாதீர்கள். கிரேடில் மாற்றம் ஏதும் இல்லையென்றால் டெஸ்ட்டையே ஓட்டாமல் பழைய முடிவை எடுத்துவைக்கும், அது அதன் வடிவமைப்பு. மற்ற எல்லோரும் டெஸ்ட் தொடங்கும் முன் ரிப்போர்ட் ஃபோல்டரை அழித்துவிடுவதே சரி.

பிரித்து ஓட்டும்போது ஒரே பெயர்

டெஸ்ட்களை நான்கு துண்டாகப் பிரித்து நான்கு ரன்னரில் ஓட்டினால், நான்கும் ஒரே பெயரில் ரிப்போர்ட்டை வைக்கும். கிட்ஹப்பின் அப்லோட் ஆக்‌ஷன் 3-ஆம் பதிப்பு வரை ஒரே பெயரில் வந்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதில் ஒரே பெயருள்ள கோப்புகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டன, கடைசியாக வந்ததுதான் மிஞ்சியது. 2023 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பில் ஒரே ஆர்ட்டிஃபாக்ட் பெயரை இரண்டாவது முறை கொடுத்தாலே பிழை. அது நல்லதுதான். பெயரோடு துண்டின் எண்ணைச் சேருங்கள், கோப்பின் பெயரிலும் சேருங்கள். பிரவுசர் டெஸ்ட்டுக்கு பிளேரைட் பயன்படுத்துபவர்கள் ரிப்போர்ட்டைப் பிறகு இணைக்கக்கூடிய ‘பிளாப்’ வடிவில் எடுத்துக் கடைசியில் ஒரு ஜாப்பில் மெர்ஜ் செய்தால் ஒரே எச்டிஎம்எல்லாக வரும்.

ரீட்ரையில் மறையும் ஃபெயிலியர்

மூன்றாவது தடவையில் பாஸ் ஆன டெஸ்ட்டும் முதல் தடவையே பாஸ் ஆனதும் ஒன்றாகிவிடாது. பிளேரைட் அதை ‘ஃபிளேக்கி’ (ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில்) என்று தனியாகக் காட்டும், ஷ்யூர்ஃபயரும் எக்ஸ்எம்எல்லில் முந்தைய ஃபெயிலியரைப் பதிந்து வைக்கும். அந்த எண்ணிக்கையையும் ரிப்போர்ட்டில் காட்டுங்கள்.

கன்டெய்னரோடு போகும் ரிப்போர்ட்

டாக்கரில் வால்யூம் மவுன்ட் (வெளியே இருக்கும் ஃபோல்டரை இணைப்பது) செய்யாமல் ‘--ஆர்எம்’ (முடிந்ததும் கன்டெய்னரை அழி) போட்டால் எக்ஸ்எம்எல்லும் கன்டெய்னரோடு போய்விடும்.

ஜென்கின்ஸில் எச்டிஎம்எல் கலர் இல்லாமல் வருகிறது என்று பாதுகாப்பை அணைப்பது

வேண்டாம், அப்படிப்பட்ட கோப்புகளைத் தனி முகவரியிலிருந்து காட்டும் ‘ரிசோர்ஸ் ரூட் யூஆர்எல்’ அமையுங்கள்.

ரிப்போர்ட்டுக்குள் டோக்கன்

கிட்ஹப் லாகில் ரகசியங்களை நட்சத்திரக் குறியால் மறைக்கும். ஆர்ட்டிஃபாக்ட்டுக்குள் இருப்பதை அது தொடாது. பிளேரைட் ட்ரேஸ் (டெஸ்ட் ஓடியதைப் படிப்படியாகப் பதிந்த கோப்பு) ஒன்றைத் திறந்து நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஏதாவது ஒரு ரிக்வெஸ்ட்டின் ஹெடரைப் பாருங்கள், லாகின் டோக்கன் முழுசாக உட்கார்ந்திருக்கும். ரெப்போ பொதுவில் இருந்தால் கிட்ஹப் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்த ஜிப்பை இறக்கிக்கொள்ளலாம். டெஸ்ட்டுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், அதன் டோக்கன் குறுகிய நேரத்தில் காலாவதியாகும்படி அமையுங்கள், ஆர்ட்டிஃபாக்ட்டைச் சில நாளில் அழியும்படி வையுங்கள். கிட்ஹப்பில் இயல்பாக அது 90 நாள் இருக்கும்.

ஒவ்வொரு பில்டுக்கும் மெயில்

ஒரே வாரத்தில் எல்லோரும் ஃபில்டர் போட்டு ஒதுக்கிவிடுவார்கள். மெயின் பிராஞ்ச் பச்சையிலிருந்து சிவப்புக்குப் போகும்போது ஒன்று, திரும்பப் பச்சையாகும்போது ஒன்று, அதில் ஃபெயில் ஆன டெஸ்ட்டின் பெயரும் ரிப்போர்ட்டின் லிங்கும் இருந்தால் போதும்.