தீனியில் கோளாறு என்று செய்தி வந்தால் முதலில் பையைத் தேடுங்கள்

நாய்க்குத் தீனி வாங்கி வந்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். பையைக் கத்தரித்து எவர்சில்வர் டிரம்மில் கொட்டிவிட்டு, பை கெட்டியாக இருக்கிறதே என்று ஆச்சி அதை வடகம் காயப்போட எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மணி மூன்று நாள் விடாமல் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே என்ன தீனி, பேட்ச் நம்பர் என்ன என்பதுதான். கடையில் மூட்டையைப் பிரித்துக் கிலோ கணக்கில் லூசாக நிறுத்து வாங்கியது. எந்த மூட்டை என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. மணி பிழைத்துக்கொண்டான், ஆனால் தீனிதான் காரணமா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

பேட்ச் நம்பர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு நிறுவனம் கோளாறான தீனியைத் திரும்பப் பெறும்போது (இதைத்தான் ரீகால் என்பார்கள்) பெரும்பாலும் அந்தப் பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. இந்தத் தேதிக்குள் தயாரானது, இந்த எண் போட்டது என்றுதான் சொல்லும். ஆகவே வாட்ஸப்பில் செய்தி வந்தால் பதறாமல் மூன்றைப் பாருங்கள்: எந்த வருஷத்துச் செய்தி, எந்த நாட்டில் விற்றது, எந்த எண். ஐந்து வருஷத்துப் பழைய செய்தியெல்லாம் புதுசு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கே விற்கும் வெளிநாட்டுத் தீனியில் தாய்லாந்தில் தயாராகி வருவதும் உண்டு, அமெரிக்க ஆலையில் நடந்த கோளாறு அதைத் தொடாமலே போகலாம். ஆனால் நம் செட்டிநாட்டுப் பக்கம் இன்னொரு வழியும் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் சொந்தக்காரர்கள் பெட்டியில் இரண்டு கிலோ வாங்கி வந்து தருவார்கள். அதற்கு நம் ஊர்ச் செய்தி போதாது, வாங்கிய நாட்டில் என்ன அறிவித்திருக்கிறார்கள் என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பிராண்டு பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 2007 மார்ச்சில் மெனு ஃபுட்ஸ் என்ற கனடா நிறுவனம் 6 கோடி டப்பா, பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற்றபோது, வேறு வேறு பெயர் ஒட்டிய எத்தனையோ தீனிகள் அந்த ஒரே நிறுவனத்தில் தயாரானவை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசைப் புரதத்தில் (குளூட்டன்) மெலமைன் கலந்திருந்தது. ஆமாம், நாம் தட்டாக வைத்துச் சாப்பிடுகிறோமே, அதைச் செய்யும் சரக்குதான். புரதம் எவ்வளவு என்று கணக்கிட நைட்ரஜனை அளப்பார்கள், மெலமைனில் நைட்ரஜன் ஏராளம், கலந்தால் புரதம் கூடுதலாகக் காட்டும். அது கூடவே கலந்திருந்த சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு ரசாயனத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாக உறைந்து நாய்களையும் பூனைகளையும் கொன்றது.

நம் ஊர் வெயிலுக்கும் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கும் நான் அதைவிடப் பயப்படுவது பூஞ்சணத்துக்குத்தான். கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் பூஞ்சணம் விடும் அஃப்லடாக்சின் என்ற விஷம் நேராகக் கல்லீரலுக்குப் போகும். 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற நாய்த் தீனியில் இது அளவுக்கு மீறி இருந்ததால் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதத்துக்குள் 110-க்கும் மேற்பட்ட பிராணிகள் இறந்ததாக அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.வுக்குத் தகவல் போயிருந்தது. அங்கே அனுமதிக்கும் வரம்பு ஒரு டன் தீனிக்கு 20 மில்லிகிராம், அவ்வளவுதான். மோந்து பார்த்தால் தெரியாது, கண்ணுக்குப் பூஞ்சை தெரியாமலும் இருக்கலாம். வெந்நீர் ஊற்றிக் கொடுத்தால் போய்விடும், வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வீட்டு அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது போகாது.

சரி, உங்கள் பையின் எண் ரீகால் பட்டியலில் இருக்கிறது, அல்லது நாய் திடீரென்று சுணங்கிப்போய்த் தீனி மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வேளையிலிருந்தே நிறுத்துங்கள். பையின் முன்பக்கம், பின்பக்கம், எண், தயாரித்த தேதி, இறக்குமதி செய்தவர் பெயர், பில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அரைக் கிலோவாவது காற்றுப் புகாத கவரில் கட்டி, 'கொடுக்காதே' என்று எழுதி, ஈரம் படாத இடத்தில் உயரத்தில் வையுங்கள். மிச்சத்தைத் தெருநாய்க்கும் போடாதீர்கள், கோழிக்கும் இறைக்காதீர்கள், முக்கியமாகக் கழனித் தொட்டியில் கொட்டாதீர்கள், மாட்டுக்குப் போனால் பாலில் நமக்கே திரும்பி வரும். இரட்டைக் கவரில் இறுகக் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். சால்மோனெல்லா கிருமி என்று சொல்லியிருந்தால் தட்டு, அள்ளும் குவளை, டிரம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அது பிள்ளைகளுக்கும் ஒட்டும். எங்கள் மணியின் தட்டு அப்பத்தா காலத்து மங்குத் தட்டு (எனாமல் பூசிய இரும்புத் தட்டு), ஓரமெல்லாம் மங்கு பெயர்ந்து துருப்பிடித்த குழிகள், அந்தக் குழிக்குள் தீனித் தூள் அப்பிக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் வராது. மனசில்லாமல்தான் எடுத்து வைத்துவிட்டு எவர்சில்வருக்கு மாறினோம்.

கவனிக்க வேண்டியது: சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, வாந்தி, கண் வெள்ளையும் ஈறும் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, மலத்தில் ரத்தம். இவை கல்லீரல் பக்கம். ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி அளவுக்கு மீறிப்போன தீனியும் இப்படிச் செய்யும், 2019-இல் ஹில்ஸ் நிறுவனம் டப்பா உணவைத் திரும்பப் பெற்றது அதனால்தான். டாக்டரிடம் என்ன தீனி, என்றைக்குப் பை பிரித்தது, கடைசியாக எப்போது தின்றது என்று சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அஃப்லடாக்சினுக்கு முறிவு மருந்து கிடையாது, டிரிப்ஸ் ஏற்றிக் கல்லீரலைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம், அதனால் ஒரு நாள் முன்னே போவது பெரிய விஷயம். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு ஒரு மாத்திரையே எமன்.

அடுத்த வேளைக்கு என்ன போடுவது? குருணைக் கஞ்சியைக் குழைய வைத்து, எலும்பில்லாத கோழியை உப்பில்லாமல் வேகவைத்துப் பிய்த்துப் போடுங்கள். நம் வீட்டுக் குழம்புச் சோறு மட்டும் ஆகவே ஆகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் செட்டிநாட்டுக் குழம்பு ஏது, அந்த இரண்டும் நாய், பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். பூனையைப் பட்டினி போடக் கூடாது, இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலே கல்லீரல் கெட்டுவிடும், வேகவைத்த மீனையோ கோழியையோ காட்டிப் பாருங்கள். இதெல்லாம் சில நாள் ஏற்பாடுதான், டாக்டரைக் கேட்டு வேறு தீனிக்கு மாறிவிடுங்கள்.

பணம், புகார் விஷயம். நிறுவனத்துக்கு மெயிலில் எழுதுங்கள், போனில் பேசியது நிற்காது. ஆள் அனுப்பித் தீனியை எடுத்துக்கொள்கிறோம் என்றால் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. தீனியைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. நாய்த் தீனி எடுப்பார்களா, எவ்வளவு வேண்டும், கட்டணம் என்ன என்று முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பெரிய வீட்டை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டுச் சென்னையில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு போன் போட்டு, "அண்ணே, நாய்த் தீனிப் பையைத் தூக்கிப் போடாதீங்க, பையோடயே டிரம்முக்குள்ள வைங்க, பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். பை பிரித்த தேதியை மார்க்கரில் அதன் மேலேயே எழுதச் சொல்லுங்கள். லூசாகத்தான் வாங்க முடியும் என்றால் கடையில் மூட்டையின் அச்சைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடைக்காரர் முதல் தடவை முறைத்தார். இப்போது நான் போனை எடுத்ததும் அவரே மூட்டையைத் திருப்பி வைத்துக் காட்டுகிறார்.