மேசைக்கணினிச் செயலியை 35 வாட்டுக்குள் நிறுத்துவது எப்படி?

நாள் முழுவதும் அணையாமல் ஓடவேண்டிய கணினி ஒன்றை அமைக்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது, பெயரின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்துள்ள இன்டெல் செயலியைத்தான். கோர் ஐ5-12400, கோர் ஐ5-12400டி ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 6 கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) 18 எம்பி கேஷும் (செயலிக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகம்) உள்ளன. முன்னதன் அடிப்படை மின்திறன் 65 வாட், பின்னதனுடையது 35 வாட். டர்போ வேகம், அதாவது தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம், முறையே 4.4, 4.2 கிகாஹெர்ட்ஸ். ஆனால் பலர் கவனிக்காத இன்னொரு வரி இன்டெல்லின் விவர அட்டவணையில் இருக்கிறது: டர்போவின்போது முன்னது 117 வாட் வரையிலும், ‘35 வாட்’ என்று விற்கப்படும் பின்னது 74 வாட் வரையிலும் இழுக்கலாம். அதாவது 35 என்பது நீண்ட நேர வேலைக்கு விதிக்கப்பட்ட வரம்பேயன்றி உச்சவரம்பு அன்று. செயலி சும்மா இருக்கும்போது அந்த வரம்புக்கு வேலையே இல்லை. ஆகவே அந்த நேரத்தில் ‘டி’ எழுத்தால் சொல்லும்படியான மிச்சம் எதுவும் கிடைக்காது. சாதாரண 12400-ஐ வாங்கி, வரம்பை நாமே விதித்துக்கொள்வதுதான் என் பரிந்துரை.

வரம்பைக் குறைத்தால் வேகமும் அதே விகிதத்தில் விழுந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. செயலி செலவழிக்கும் மின்திறன் கடிகார வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தலா 20 சதவீதம் குறைக்க முடிந்தால், கணக்குப்படி மின்திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். டர்போ உச்சியின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் மின்சாரத்தை மிகுதியாகத் தின்கின்றன. கீழே இறங்க இறங்க மின்னழுத்தம் ஓர் அடிமட்டத்தைத் தொட்டு நின்றுவிடுவதால், அதற்குப் பிறகு வேகம் மட்டுமே குறையும், இலாபம் மெலிந்துவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். சுவர்ப் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று தேவை. மானிட்டரை வேறு பிளக்கில் செருகிவிட்டு, கணினியைத் தொடங்கிப் பத்து நிமிடம் சும்மா விட்டபின் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, 7-ஜிப் மென்பொருளுடன் வரும் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி, வாட்டையும் மதிப்பெண்ணையும் எழுதிவையுங்கள். பத்து நிமிடம் எதற்கு என்றால், பல கணினிகளில் செயலி ஏறத்தாழ முதல் 28 விநாடிகளுக்குக் குறுகியகால வரம்பில் ஓடிவிட்டுத்தான் நீண்டகால வரம்புக்கு இறங்கும். அரை நிமிடச் சோதனை டர்போவை மட்டுமே காட்டும்.

இனி பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) செல்லுங்கள். நீண்டகால வரம்பு ‘பிஎல்1’ என்றும், குறுகியகால வரம்பு ‘பிஎல்2’ என்றும் இருக்கும். பெருக்கி பூட்டப்பட்ட, அதாவது கடிகார வேகத்தை நாம் உயர்த்த முடியாத செயலிகளிலும் பெரும்பாலான மதர்போர்டுகள் இவற்றை மாற்ற அனுமதிக்கின்றன. (சில போர்டுகள் வரம்பே இல்லாமல் அனுப்பப்படுகின்றன, அப்படியானால் இந்த ஒரு மாற்றமே பெரிய வேறுபாட்டைக் காட்டும்.) பிஎல்1-ஐ 35 ஆக்குங்கள். பிஎல்2-ஐயும் 35-க்கு வெட்டிவிடும் தவற்றைச் செய்யாதீர்கள். 65 அல்லது 70-இல் விடுங்கள். ஓர் ஆவணத்தைத் திறப்பது, ஓர் இணையப் பக்கத்தை ஏற்றுவது போன்ற வேலைகள் ஓரிரு விநாடிகளில் முடிபவை. கணினி சுறுசுறுப்பாக இருப்பதாக நமக்குத் தோன்றுவது அந்த விநாடிகளால்தான். பெரிய நிறுவனங்களின் ஆயத்தக் கணினிகளில் இந்த அமைப்பு பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அங்கே விண்டோஸின் மின்திட்டத்தில் செயலியின் உச்சநிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ நின்றுவிடும். முரட்டு வழிதான், ஆனால் வேலை செய்யும். ஏஎம்டி ரைசன் செயலிகளில் 65 வாட் என்று குறிக்கப்பட்டவை உண்மையில் 88 வாட் வரை எடுக்கும். பயாஸில் ‘பிபிடி’ என்ற மின்திறன் வரம்பை 45 போன்ற அளவுக்கு இறக்கலாம்.

எவ்வளவு குறைக்கலாம் என்பதைப் பொறுமையாகக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, ஒரு வேலையைச் செயலி 100 வாட்டில் 60 விநாடியிலும், 50 வாட்டில் 80 விநாடியிலும், 20 வாட்டில் 200 விநாடியிலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். செயலியின் செலவு முறையே 6000, 4000, 4000 ஜூல். மற்ற உறுப்புகள் எப்போதும் 30 வாட் எடுத்தால், மொத்தம் 7800, 6400, 10000 ஜூல் ஆகிறது. வேலை முடிந்ததும் கணினி உறங்கப்போவதாக இருந்தால், மிகவும் மெதுவாக ஓடுவதே அதிகச் செலவு. எப்படியும் இரவும் பகலும் விழித்திருக்கும் கணினி என்றால், அந்த 30 வாட் எந்நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே செயலியின் கணக்கு மட்டுமே பொருட்படும்.

அந்த எந்நேரச் செலவில்தான் உண்மையான பணம் இருக்கிறது. இடைவிடாத 10 வாட் ஆண்டுக்கு 87.6 யூனிட். அதைக் குறைக்கச் செயலியைவிட மற்றவற்றைத்தான் பார்க்க வேண்டும். தேவையில்லாத கிராபிக்ஸ் அட்டையைக் கழற்றிவிடுங்கள். பவர் சப்ளையின் ‘80 பிளஸ்’ சான்று பெரும்பாலான தரநிலைகளில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் மட்டுமே சோதிக்கப்படுகிறது. 550 வாட் சப்ளையில் 22 வாட் சுமை என்பது 4 சதவீதம்தான், அந்த இடத்தைப் பற்றிச் சான்றிதழ் எதுவும் சொல்வதில்லை. பயாஸில் ‘ஏஎஸ்பிஎம்’ அமைப்பையும் (விரிவாக்க அட்டை இணைப்புகளின் மின்சேமிப்பு) செயலியின் ஆழ்ந்த ‘சி’ உறக்கநிலைகளையும் இயக்குங்கள். மின்சேமிப்பை ஏற்காத ஒரே ஒரு விரிவாக்க அட்டைகூடச் செயலி முழுவதையும் ஆழ்ந்து உறங்கவிடாது. ரைசன் வாங்குவதாக இருந்தால், 5600எக்ஸ் போல உள்ளே தனி ஐ/ஓ (உள்ளீடு-வெளியீடு) சில்லு கொண்டவற்றைவிட, ஒரே சில்லாலான 5600ஜி சும்மா இருக்கும்போது குறைவாக எடுக்கும். அதற்கு ஈடாக எல்3 கேஷ் 32 எம்பியிலிருந்து 16 எம்பியாகக் குறைகிறது.

6 வாட் என்று 2023-இல் வந்த இன்டெல் என்100 செயலி கோப்புச் சேமிப்புக்கும் காணொளி பார்ப்பதற்கும் போதும். 4 சிறு கோர்கள், ஒரே நினைவகச் சேனல், 9 பிசிஐஇ தடங்கள் (அட்டைகளையும் சேமிப்பகங்களையும் இணைக்கும் வழிகள்) என்பதே அதன் எல்லை. நிரல்களைத் தொகுப்பது போன்ற கனமான வேலை உள்ளவர்கள் 35 வாட்டில் கட்டுப்படுத்திய 12400-இல் இருமடங்குக்கும் மேலான வேகத்தைப் பெறுவார்கள்.

மாற்றங்களுக்குப் பின் அதே இரு அளவீடுகளையும் திரும்ப எடுங்கள். மதிப்பெண் உங்களுக்குப் பொறுக்காத அளவு விழுந்திருந்தால், பிஎல்1-ஐ ஐந்தைந்து வாட்டாக உயர்த்தி ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்; உயர்த்திய வாட்டுக்கு ஏற்ப மதிப்பெண் ஏறாத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இரு அளவீடுகளையும் நாளின் ஒரே வேளையில் எடுப்பது நல்லது. சில்லு சூடேறினால் கசிவு மின்னோட்டமும் கூடுவதால், இரவில் எடுத்த எண்ணைச் சித்திரை மாத மதியத்து எண்ணோடு ஒப்பிட முடியாது.