அலமாரியும் இ-ரீடரும்: இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒரு செய்முறை

மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடரை வாங்கியதும் பலருக்கும் எழும் கேள்வி, அலமாரியில் இருக்கிற புத்தகங்களை என்ன செய்வது என்பது. ஒன்றும் செய்ய வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். எதை எதில் படிப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும், இரண்டிலும் வாசிப்பு கூடும்.

முதல் படி: பிரித்துக்கொள்ளுங்கள்

அலமாரி முன் நின்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதைப் படிக்கும்போது ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தைப் புரட்டுவேனா? ஆம் என்றால் அது அச்சில் இருக்க வேண்டிய புத்தகம். உரையோடு கூடிய செய்யுள், அகராதி, வரைபடமும் வண்ணப்படமும் உள்ளவை எல்லாம் இந்த வகை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நேராகப் போகிற நாவல், தன்வரலாறு, பயணநூல் எல்லாம் இ-ரீடருக்கு. தலையணை கனத்தில் இருக்கும் நாவல்கள் முக்கியமாக. ஆறு அங்குல இ-ரீடர் சுமார் 200 கிராம்தான், படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் படிக்கலாம்.

இரண்டாம் படி: சரியான கோப்பைத் தேடுங்கள்

முடிந்தவரை ஈபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்பையே எடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி திரைக்குள் அடங்கும். பிடிஎஃப் அப்படியல்ல, பக்கம் அச்சிட்ட வடிவிலேயே சுருங்கி வரும். ஆறு அங்குலத் திரையில் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டும். பழைய தமிழ் இலக்கியம் வேண்டுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கியது, எல்லாமே இலவசம்.

கோபோ, பாக்கெட்புக் போன்ற கருவிகளில் ஈபப்பை யுஎஸ்பி வழியாக நேராகப் போட்டுக்கொள்ளலாம். அமேசானின் கிண்டிலில் அப்படிப் போட்டால் திறக்காது. 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை வழியாக அனுப்புங்கள், அதுவே மாற்றிக் கொடுத்துவிடும்.

மூன்றாம் படி: திரையை உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்

இ-ரீடரின் மின்மை (இ-இங்க்) திரையில் கருப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் மின்னூட்டத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. அதனால்தான் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வருகிறது. விளக்கும் செல்போனில் இருப்பதுபோல் பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை, ஓரத்திலிருந்து திரைமேல் படிகிறது. பகலில் அதை அணைத்தே வையுங்கள்.

தமிழுக்கு வரி இடைவெளி ரொம்ப முக்கியம். இயல்பாக வரும் அளவில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகர வளைவும் நெருங்கிக் கண்ணை உறுத்தும். எழுத்தை ஒரு படி, வரி இடைவெளியை ஒரு படி கூட்டிப் பாருங்கள். முந்தைய பக்கத்தின் நிழல் மங்கலாகத் தெரிந்தால், அமைப்புகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை முழுதாகப் புதுப்பிக்கும்படி வைத்துவிடலாம். அப்புறம், சார்ஜ் மிச்சமாக, தேவையில்லாதபோது வைஃபையை அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: ஒரே நூலை இரண்டிலும் வையுங்கள்

மிகவும் பிடித்த நூல்களுக்கு இதைச் செய்துபாருங்கள். எனக்கு இ-ரீடரின் பெரிய பயனே இதுதான். நம் அச்சுப் புத்தகங்கள் பலவற்றில் பின்னால் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இருப்பதில்லை. எங்கோ படித்த ஒரு வரியைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும். மின்பிரதி இருந்தால் அதுவே சொல்லடைவு ஆகிவிடும். மின்பிரதியில் தேடுங்கள், எந்த அத்தியாயம் என்று பாருங்கள், அச்சில் அங்கே போங்கள்.

தேடும்போது முழுச் சொல்லைப் போடாதீர்கள். 'மரம்' என்று தேடினால் 'மரத்தடியில்' சிக்காது. 'மர' என்று போட்டால் இரண்டும் வரும், கூடவே 'மரபு'ம் வரும்தான், அதைக் கடந்து போய்விடலாம். கருவியில் தமிழ்த் தட்டச்சு இல்லையென்றால் கணினியில் கேலிபர் என்ற இலவச மென்பொருளில் நூலைத் திறந்து தேடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் இது நடக்காது, அங்கே இருப்பது எழுத்தல்ல, படம்.

எழுத்தின் அளவை மாற்றினால் திரைக்கு வரும் வரிகளும் மாறும், அச்சுப் பக்க எண்ணோடு ஒத்துப்போகாது. அதனால் குறிப்பெழுதும்போது பக்க எண்ணை நம்பாமல் அத்தியாயத்தின் பெயரையும் அந்த வரியின் முதல் மூன்று சொற்களையும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: குறிப்புகளை ஓரிடத்தில் சேருங்கள்

கிண்டிலில் நீங்கள் கோடிட்ட வரிகள் 'மை கிளிப்பிங்ஸ்' என்ற உரைக்கோப்பில் சேரும். அவ்வப்போது அதைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள், கருவி பழுதானால் குறிப்புகளாவது மிஞ்சும். அதே நூல் அலமாரியிலும் இருந்தால், பிடித்த இரண்டு மூன்று வரிகளை ஒரு துண்டுத்தாளில் எழுதி உரிய பக்கத்தில் செருகுங்கள். நண்பர்கள் இரவல் கேட்கும்போது கைமாறப்போவது அச்சுப் பிரதிதான், துண்டுத்தாளும் கூடவே போகும்.

அச்சுப் புத்தகங்களிலேயே சில மாதங்கள் ஓடிவிடும்போல் இருந்தால், இ-ரீடரைப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதாக வற்றிய பேட்டரியை அப்படியே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் அது கெட்டுவிடக்கூடும்.