பிள்ளை பார்க்கும் அக்காவின் லீவுச் சம்பளம்

திருகோணமலையில் பிள்ளை பார்க்க வரும் அக்காமாரின் லீவு பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் நிற்கிறது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் தரும் 14 நாள் வருடாந்த லீவு வீட்டு வேலைக்குப் பொருந்தாது. ஆனாலும் அதையே அளவாக வைத்து, வேலைக்குச் சேரும் நாளிலேயே கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

நாட்சம்பளம் பார்க்க, மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்கவும். வாரம் ஆறு நாள், அதாவது மாதம் சுமார் 26 நாள் வேலைக்கு 39,000 ரூபா என்றால் ஒரு நாளுக்கு 1,500. இதே தொகையை 30ஆல் வகுத்தால் 1,300தான் வரும். அக்காவுக்கு நாளொன்றுக்கு 200 ரூபா நட்டம். ஆறு மாதத்தில் நின்றால் 7 நாள் லீவு சேர்ந்திருக்கும். எடுக்காத நாட்களுக்குக் காசைக் கடைசிச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள்.

சண்டை வருவது பள்ளிக்கூட விடுமுறையில்தான். நீங்கள் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றால், அது அவர் கேட்ட லீவு அல்ல. வேலைக்கு வர அவர் ஆயத்தம், வேண்டாம் என்றது நீங்கள். முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும், அந்த நாட்களை 14இல் கழிக்கவும் கூடாது.

லீவுக் காசை லீவுக்கு முதல்நாளே கையில் கொடுங்கள். பொங்கலுக்கோ பெருநாளுக்கோ உடுப்பு எடுக்க அப்போதுதான் உதவும். முன்பு வாங்கிய கடனை அதில் பிடிக்க வேண்டாம், அதற்குக் கொப்பியில் வேறு பக்கம் போடுங்கள்.